மொட்டை மாடியில் காந்தமானி: தினமும் பதினொன்றரைக்கு எழும் மேடு வெயிலா, வானமா?

கொக்கிரகுளத்தான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வீடு திருநெல்வேலியில். 2024 மே மாதத்துச் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படங்களைப் பார்த்ததிலிருந்து, பூமியின் காந்தப்புலத்தை வீட்டிலேயே அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

முதலில் எச்எம்சி5883 என்ற காந்த அளவிச் சில்லை ஓர் இணையக் கடையில் வாங்கினேன். இணைத்தால் முகவரி 1இ என்று வர வேண்டியது, 0டி என்று வந்தது. உள்ளே இருந்தது க்யூஎம்சி என்ற வேறு சில்லு. அசலாகவே இருந்திருந்தாலும் அது காட்டும் மிகச் சிறிய மாற்றமே 73 நானோடெஸ்லாவாம் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), திசைகாட்டிக்குத்தான் லாயக்கு. அந்தக் காசு போச்சு. பிறகு இன்னும் நுணுக்கமான ஆர்எம்3100 அளவியை வாங்கி, இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையில் மாட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மொட்டை மாடியில் வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு எடுக்கும் அளவுகளையெல்லாம் சராசரியாக்கி ஒரு புள்ளி.

பத்து நாள் பதிவு ஆகிவிட்டது. இரண்டு குழப்பம்.

ஒன்று, இரவெல்லாம் கோடு தட்டையாகப் போகிறது. காலை ஏழுக்கு ஏறத் தொடங்கி, பதினொன்றரை வாக்கில் உச்சிக்குப் போய், சாயங்காலம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இரவு அளவைவிட 80 முதல் 110 நானோடெஸ்லா வரை கூடுகிறது. தினமும் இதே கதை. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண் அந்த நாட்களில் 1, 2-க்கு மேல் போகவில்லை, அதனால் புயல் இல்லை. டப்பா வெயிலில் காய்கிறது, அவ்வளவுதான் என்கிறான் நண்பன்.

இரண்டு, இரவு ஒன்பதரை வாக்கில் கோடு திடீரென 30 நானோடெஸ்லா இறங்குகிறது, மாடிப்படி மாதிரி. காலை ஐந்தரைக்கு அதே அளவு ஏறிவிடுகிறது. இது என்ன?

மூணாவது_மாடி

வேளச்சேரி அடுக்ககத்திலிருந்து அனுதாபங்கள். நானும் இதே சில்லை வாங்கி பால்கனியில் வைத்தேன். ஒரே வாரத்தில் எங்கள் லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். விண்வெளி வானிலை மட்டும் தெரியவில்லை.

உங்கள் இரவுப் படி தெருவிளக்காக இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு பைக்.

நேர்கோடு

குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்கள் ஊரிலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. உலகத்து நிலையங்களின் பதிவுகளை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். கேபி எண் போட்ஸ்டாமிலிருந்து வருகிறது, புயலில் காந்தப்புலம் எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லும் டிஎஸ்டி எண் கியோட்டோவிலிருந்து வருகிறது. எல்லாம் இலவசம். அவர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து அளப்பதை டப்பாவில் அளந்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

அலைவரிசை_அண்ணாச்சி

நேர்கோடு, அந்தக் கேபி எண் எந்த ஊரை வைத்து வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பதின்மூன்று நிலையங்கள். பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், எல்லாமே நடு அட்சரேகைக்கும் அதற்கு மேலும். நம் தலைக்கு மேலே ஓடுவது அதில் வரவே வராது. கியோட்டோவின் டிஎஸ்டிக்கு ஹெர்மானுஸ், காக்கியோகா, ஹொனலுலு, சான் ஹுவான் என்று நான்கு நிலையம். இந்த நான்கையும் காந்த நடுக்கோட்டிலிருந்து தள்ளியே தேர்ந்தெடுத்தார்கள். ஏன் தள்ளி? தம்பி பார்த்த அந்த மேடு கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான்!

தம்பி கொக்கிரகுளத்தான், நீ உட்கார்ந்திருக்கும் இடம் சாதாரண இடம் இல்லை. காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு அது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்களே, அந்த மீனவக் கிராமத்தைத் தேடிப் பிடித்ததும் இதற்காகத்தான். பகல் நேரத்தில் அந்தக் கோட்டின் மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அகலம் கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை, தெற்கே மூன்று பாகை. நிலநடுக்கோட்டு மின்தாரை என்பார்கள். தலைக்கு மேல் கிழக்கே மின்னோட்டம் போனால் அதற்குக் கீழே வடக்கு நோக்கிக் காந்தப்புலம் கூடும், பள்ளிக்கூடத்து வலக்கை விதிதான். பூமியின் புலம் இங்கே ஏற்கெனவே வடக்கு நோக்கிக் கிடையாக, சுமார் 40,000 நானோடெஸ்லா. அதன் மேல் இந்த நூறு உட்கார்ந்துகொள்கிறது. அதுதான் உன் மேடு.

ஆனால் உன் நண்பன் சொல்வதையும் தள்ளிவிடாதே. மாடியில் டப்பா பகலில் இருபது பாகை சூடேறும். இந்தச் சில்லுகள் பாகைக்குச் சில நானோடெஸ்லா நகரும். ஆக உன் நூறில் எவ்வளவு வானம், எவ்வளவு வெயில் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் பார். உச்சி எத்தனை மணிக்கு? பதினொன்றரை என்கிறாய். மாடி அதிகமாகச் சுடுவது எப்போது?

கொக்கிரகுளத்தான்

இரண்டு, இரண்டரை இருக்கும் அண்ணாச்சி. செருப்பு இல்லாமல் ஏற முடியாது.

அலைவரிசை_அண்ணாச்சி

அதுதான். மின்தாரை உச்சிக்கு வருவது சூரியன் தலைக்கு மேல் வருவதற்குச் சற்று முன்னால். நம் ஊரில் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் பன்னிரண்டே கால் சுமாருக்கு, ஏனென்றால் இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டுக்கானது, நாம் இருப்பது 77.7-ல். ஆக பதினொன்றரை, பன்னிரண்டு என்றால் வானம். இரண்டரை என்றால் வெயில். இரண்டும் கலந்தால் உச்சி நடுவில் எங்கேயோ நிற்கும். டப்பாவுக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானியைச் சேர்த்து வை. பிறகு பேசுவோம்.

பழஞ்சுவடி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இந்தப் பேச்சைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அண்ணாச்சி தும்பாவில் தொடங்கினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னாலேயே இதே பக்கத்தில் இதே வேலை நடந்திருக்கிறது.

திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகம் திருவனந்தபுரத்தில் 1837-ல் வந்தது. 1852-ல் அங்கே இயக்குநராக வந்தவர் ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கீழே அளந்தது போதாது என்று, நம் பொதிகையின் உச்சியிலேயே, அகத்தியர் மலையின் முடியிலேயே, ஓர் ஆய்வகம் கட்டினார். 1,800 மீட்டருக்கு மேல். காடு, யானை, அட்டை, கொட்டுகிற மழை எல்லாவற்றையும் கடந்து காந்தமானிகளைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்கள். மலை மேலும் கடலோரத்திலும் ஒரே நேரத்தில் ஊசி எப்படி அசைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க. அவருடைய திருவனந்தபுரப் பதிவுகள் 1874-ல் புத்தகமாக வந்தன. மின்தாரை என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது. பெருவின் வாங்காயோவில் 1922-ல் நிலையம் தொடங்கி, அங்கே பகல் மேடு மற்ற ஊர்களைவிடப் பல மடங்கு இருப்பதைப் பார்த்துத் திகைத்து, 1951-ல் சிட்னி சாப்மன் அதற்குப் பெயர் வைத்தார்.

டப்பா எதற்கு என்று கேட்ட நண்பருக்கு இன்னொன்று. மும்பையின் கொலாபாவில் 1859 செப்டம்பர் 2 அன்று பதிவான வீழ்ச்சி சுமார் 1,600 நானோடெஸ்லா. காரிங்டன் புயல் என்ற அந்தச் சூரியப் புயலைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அனைவரும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பிறகு மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் கருவிகளை மும்பைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் அலிபாக்குக்குக் கொண்டு போனார்கள். 1904-லிருந்து அங்கே அளந்தார்கள். இரண்டு ஆண்டுகள் இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்து, ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் கொலாபாவை விட்டார்கள்.

மூணாவது_மாடி

அவர்களுக்கு டிராம், எனக்கு லிஃப்ட். அலிபாக் போக எனக்கு வசதி இல்லை.

அலைவரிசை_அண்ணாச்சி

மூணாவது மாடிக்குக் காந்தமானி வேண்டாம், வேறு வழி இருக்கிறது. விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் நிலையம், 18.2 கிலோஹெர்ட்ஸ். நீர்மூழ்கிகளுக்கான மிகத் தாழ்ந்த அலைவரிசை. அந்தச் செய்தி நமக்கு வேண்டாம், அது புரியவும் புரியாது. அது எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது போதும். பகலில் அந்த அலை சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தின், அதாவது மின்னேற்றம் பெற்ற மேல்காற்றின், அடிப்பகுதியில் பட்டுத் திரும்பும், இரவில் 85-க்கு மேல். சூரியனில் தீப்பிழம்பு வெடித்து எக்ஸ் கதிர் வந்து விழுந்தால் அந்த அடித்தட்டு சில நிமிடங்களில் கீழே இறங்கும், உன் வரைபடத்தில் கோடு துள்ளும்.

ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தில் முப்பது சுற்று, மொத்தம் 120 மீட்டர் எனாமல் கம்பி. ஒரு சிறிய பெருக்கி. 48 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் கணினியின் ஒலி அட்டை 24 வரைக்கும் கேட்கும், இதற்குப் போதும். மென்பொருள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பள்ளிக்கூடங்களுக்கென்றே இதைச் சொல்லிக் கொடுக்கிறது. உனக்குச் சென்னை நல்ல தூரம். எனக்கு அந்த நிலையம் வீட்டு வாசல் மாதிரி, நிலத்தை ஒட்டி வரும் அலையே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அதனால் நான் ஆஸ்திரேலியாவின் என்டபிள்யூசி நிலையத்தை, 19.8-ஐப் பிடிக்கிறேன்.

எச்சரிக்கை: மலிவு எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், கைபேசி சார்ஜர் மூன்றும் இதற்குப் பரம எதிரிகள். கரண்ட் போன நேரத்தில்தான் என் பதிவு பளிங்கு மாதிரி இருக்கும்.

மூணாவது_மாடி

சட்டம் அடிக்க ஆள் தேடுகிறேன். ஒரு சந்தேகம். 2024 மே 10 அன்று மதியம் எக்ஸ் வகை, அதாவது மிகப் பலமான வகைத் தீப்பிழம்பு, அன்று இரவே புயல். அப்படியென்றால் மதியம் துள்ளினால் இரவு புயல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அலைவரிசை_அண்ணாச்சி

அங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அந்த மதியத்துப் பிழம்பு இந்திய நேரம் 12.24-க்கு உச்சியில் இருந்தது. என்னிடம் பதிவு இருக்கிறது. ஒளியும் எக்ஸ் கதிரும் எட்டே நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் புயலைக் கொண்டு வருவது காந்தப்புலத்தோடு பறக்கும் பிளாஸ்மா மேகம். அது நடந்து வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இரவு 10.35-க்கு வந்து மோதியவை 8-ஆம் தேதியிலிருந்தே ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியவை. பின்னால் கிளம்பியது முன்னால் போனதை எட்டிப் பிடித்து எல்லாம் சேர்ந்து வந்தன. டிஎஸ்டி மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் மைனஸ் 400-ஐத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு ஜி5, அதாவது உச்சநிலைப் புயல், என்று அறிவித்தது அன்றைக்குத்தான்.

காரிங்டன் காலத்து மேகம் பதினேழரை மணி நேரத்தில் வந்தது. அதெல்லாம் விதிவிலக்கு.

வடதுருவத்_தமிழ்

வணக்கம் அண்ணை. நான் இருப்பது நோர்வேயின் வடக்கில், ட்ரொம்சோவுக்குக் கிட்ட. மீன் ஆலை வேலைக்கு வந்த குடும்பம், பிறகு இங்கேயே இருந்துவிட்டோம். இங்கே காந்தமானி வைத்திருக்கிறவர்கள் கனபேர். துருவ ஒளி வருகுதோ என்று பார்க்கத்தான். சாதாரண இரவிலேயே சில நூறு நானோடெஸ்லா ஆடும், நல்ல இரவில் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு ஜாம் போத்தலுக்குள் நூலில் காந்தத்தைத் தொங்கவிட்டு, அதில் சின்னக் கண்ணாடி ஒட்டி, லேசர் வெளிச்சம் சுவரில் எங்கே விழுகுது என்று பார்த்தாலே போதும். மகள் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒன்றுதான் செய்து கொண்டு போனாள். வெளிச்சப்பொட்டு சுவரில் கையளவு நகர்ந்த இரவில் அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடியது எனக்கு இன்னும் ஞாபகம்.

அங்கே 100 நானோடெஸ்லாவுக்கு நீங்கள் படும் பாட்டைப் பார்க்க ஆச்சரியமாக இருக்குது. எங்களுக்கு அது இரைச்சல்.

அலைவரிசை_அண்ணாச்சி

ஒவ்வொரு நிலையமும் தனக்கெனப் போடும் கே எண்ணின் (கேபி வருவது இவற்றிலிருந்துதான்) அளவுகோலே ஊருக்கு ஊர் மாறுவது அதனால்தான் தம்பி. ஜெர்மனியின் நீமெக்கில் மூன்று மணி நேரத்தில் 500 நானோடெஸ்லா ஆடினால் 9, ஹொனலுலுவில் 300 ஆடினாலே 9, உங்கள் பக்கம் அதைவிட எவ்வளவோ அதிகம் ஆட வேண்டும். அந்த ஜாம் போத்தலை இங்கே வைத்தால் பல்லி ஓடினால்தான் அசையும்.

சும்மா_கேட்டேன்

நிலநடுக்கம் வருவதை இதை வைத்து முன்கூட்டியே சொல்லலாமாமே? கலிஃபோர்னியாவில் சொன்னார்களாம். எனக்குத் தலைவலி வரும் நாளிலும் புயல் இருப்பதாக ஒரு செயலி காட்டுகிறது.

பழஞ்சுவடி

1989 லோமா ப்ரியேட்டா நிலநடுக்கத்துக்கு முன்னால் பக்கத்தில் இருந்த ஒரு காந்தமானி விசித்திரமாக ஆடியது என்பதுதான் அந்தக் கதை. இருபது ஆண்டு கழித்து அதே பதிவை மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், கருவிக் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார்கள். தலைவலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

நேர்கோடு

கருவிக் கோளாறு என்று கண்டுபிடிக்கவே இருபது ஆண்டு என்றால், மாடியில் இருக்கும் டப்பாவை எப்படி நம்புவது? என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

புனே_தமிழன்

நம்புவதற்கு ஒரே வழி இரண்டாவது டப்பா. என்னிடம் அதே ஆர்எம்3100 இருக்கிறது, தோட்டத்தில் ஓராண்டாக ஓடுகிறது. கொக்கிரகுளத்தான், உங்கள் ஊருக்குப் பத்து பாகை வடக்கே, மின்தாரைப் பட்டைக்கு வெளியே நான் இருக்கிறேன். அலிபாக் எனக்குப் பக்கம். ஆராய்ச்சியாளர்களே திருநெல்வேலி அளவிலிருந்து அலிபாக் அளவைக் கழித்துத்தான் மின்தாரையின் பலத்தைச் சொல்கிறார்கள். சூரியப் புயல் வந்தால் இரண்டு ஊருக்கும் சேர்த்தே வரும், கழித்தால் போய்விடும். எஞ்சுவது உங்கள் தலைக்கு மேல் மட்டும் ஓடுவது. ஆய்வகங்கள் செய்வதை நாம் இரண்டு வீட்டில் செய்து பார்ப்போமே.

ஆனால் மாடியிலிருந்து முதலில் இறக்குங்கள். பிவிசி குழாயில் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள். திருகு, ஆணி எல்லாம் பித்தளை. துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் தருவதை ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், பல ஒட்டும். ஆர்எம்3100-ன் கம்பியை நேராக வீட்டுக்குள் இழுக்காதீர்கள். அளவி பேசும் ஐ2சி இணைப்பு சில மீட்டருக்கு மேல் போகாது. பிசிஏ9615 சில்லு இரண்டு பக்கமும் வைத்து லேன் கேபிளில் அனுப்பலாம். இஎஸ்பி32-ஐ அளவிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வைஃபை எழுந்து தூங்கும் ஒவ்வொரு தடவையும் மின்னோட்டம் மாறுவது பதிவில் ஏறும்.

கொக்கிரகுளத்தான்

இங்கே எல்லாம் செம்மண், புனே அண்ணா. இரும்புச் சத்து இருக்குமே, புதைக்கலாமா?

புனே_தமிழன்

இருந்துவிட்டுப் போகட்டும். மண் நகராது. நகராத இரும்பு ஒரு நிலையான எண்ணைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது மாற்றம். நகரும் இரும்புதான் எதிரி. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தூரம் இரண்டு மடங்கானால் தொல்லை எட்டில் ஒரு பங்காகிவிடும். காரை 5 மீட்டரிலிருந்து 10-க்குத் தள்ளி நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும்.

அலைவரிசை_அண்ணாச்சி

அது சரி, அந்த இரவுப் படியை மறந்துவிட்டோம். தம்பி, ஒன்பதரை என்றாயே, துல்லியமாக ஒன்பதரையா?

கொக்கிரகுளத்தான்

இப்போது எடுத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. 9.22, 9.48, 10.14, 9.31... ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. காலையில் மட்டும் 5.28-லிருந்து 5.35-க்குள். போன செவ்வாய் மழை பெய்தது, அன்றைக்குப் படியே இல்லை.

அலைவரிசை_அண்ணாச்சி

தெருவிளக்கு மழைக்கு ஒதுங்காது. இது மனிதர். எழுவது ஒழுங்கு, படுப்பது டிவி தொடரைப் பொறுத்து. உன் வீட்டில் மொட்டை மாடியில் படுப்பது யார்?

கொக்கிரகுளத்தான்

தாத்தா! இரும்பு மடக்குக் கட்டில். பகலில் படிக்கட்டுக் கொட்டகையில் சாத்தி வைத்திருப்பார். நான் கீழே தூங்குகிறவன், இது தோன்றவே இல்லை. இப்போது போய் அளந்தேன். கட்டில் போடும் இடத்திலிருந்து டப்பா சரியாக 3 மீட்டர்.

மூணாவது_மாடி

என் லிஃப்டைவிட உங்கள் தாத்தா மேல். மழைக்கும் பதிவு தருகிறார்.

கொக்கிரகுளத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பின்வாசலில் குழி தோண்டி, பிவிசி குழாயில் அளவியை இறக்கி, மேலே மண்பானையைக் கவிழ்த்துவிட்டேன். வெப்பமானியும் உள்ளே இருக்கிறது. பகலுக்கும் இரவுக்கும் அரைப் பாகைகூட மாறவில்லை.

மேடு போகவில்லை. இப்போது 60-லிருந்து 90 வரை. உச்சி 11.20-க்கும் 11.50-க்கும் இடையில். மாடியில் வைத்திருந்தபோது மதியத்துக்குப் பிறகு கோடு மெதுவாக இறங்கியது, இப்போது சட்டென்று இறங்குகிறது. ஆக மாடியில் பார்த்ததில் ஒரு பங்கு வெயில், மீதி வானம். நண்பனிடம் காட்டினேன். "அப்ப நான் சொன்னதும் சரிதானே" என்றான். என்ன சொல்ல?

புனே அண்ணாவின் கோப்போடு கழித்தும் பார்த்தேன். அவருக்கும் பகலில் சிறிய மேடு இருக்கிறது, எனக்கு அதைவிட மிகப் பெரிது. ஒரு நாள் இரண்டு ஊரிலும் கோடு முப்பது, நாற்பது கீழே போய் மெதுவாக மீண்டது. கழித்ததும் அது காணாமல் போய், மேடு மட்டும் சுத்தமாக நின்றது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

ஆனால் புது வில்லங்கம். போன வாரம் இரண்டு நாள், மதியம் இரண்டரைக்கு மேல் கோடு இரவு அளவுக்கும் கீழே போய்விட்டது. இருபது நானோடெஸ்லா பள்ளம். நாலரைக்கு மீண்டுவிட்டது. புனேயில் ஒன்றுமே இல்லை. தாத்தா அந்த நேரம் திண்ணையில் இருந்தார், விசாரித்துவிட்டேன்.

அலைவரிசை_அண்ணாச்சி

தேதி என்ன? அமாவாசையை ஒட்டியா?

கொக்கிரகுளத்தான்

அண்ணாச்சி, கிண்டலா? காலண்டரைப் பார்த்தேன், அமாவாசைக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும்!

அலைவரிசை_அண்ணாச்சி

கிண்டல் இல்லை. மின்தாரை சில மதியங்களில் திரும்பி மேற்கு நோக்கி ஓடும். எதிர்மின்தாரை. சந்திரன் கடலை இழுப்பது போல மேல் வளிமண்டலத்தையும் இழுக்கிறது, அந்த அலை மின்தாரையை இயக்கும் காற்றை மாற்றுகிறது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதுவும் மார்கழி, தை மாதங்களில், மதியத்துப் பள்ளம் அடிக்கடி வரும். வடதுருவத்துக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலம் திடீரென்று சூடேறும் ஆண்டுகளில் இன்னும் பலமாக வரும். ட்ரொம்சோத் தம்பியின் தலைக்கு மேலே குளிர்காலத்தில் நடக்கும் கூத்து உன் குழிக்குள் பதிவாகிறது, யோசித்துப் பார்.

2010 ஜனவரி 15 கங்கண கிரகணம் நினைவிருக்கும். கன்னியாகுமரி, தனுஷ்கோடியில் கூட்டம் கூடியது. அன்றைக்கும் அமாவாசைதானே, கிரகணம் வேறு எப்போது வரும்! திருநெல்வேலிப் பக்கத்துக் கருவிகளில் அன்று பலமான எதிர்மின்தாரை பதிவானது. நிழல் செய்தது எவ்வளவு, நிலவின் அலை செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள்.

நேர்கோடு

சரி, ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பள்ளம் கேபி எண்ணில் தெரியாது. எங்கள் ஊர் மதுரை. இங்கே வைத்தால் மேடு தெரியுமா?

புனே_தமிழன்

தெரியும், சற்றுச் சின்னதாக. மதுரை பட்டைக்குள்தான் வருகிறது, ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். நீங்களும் வைத்தால் மூன்று ஊர் ஆயிற்று, வடக்கே போகப் போக எப்படிக் குறைகிறது என்றே வரையலாம். ஆர்எம்3100 வாங்கும்போது எந்தப் பலகை என்று எனக்கு எழுதுங்கள், சிலவற்றில் மின்சீராக்கியை அளவியின் மேலேயே வைத்திருக்கிறார்கள்.

நில_அளவையன்

நீங்கள் எல்லாம் பகலைப் பேசுகிறீர்கள். நான் இரவைக் கேட்கிறேன். பங்குனி வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் ஆர்டிகே கருவியோடு (செயற்கைக்கோளை வைத்து நிலம் அளப்பது) அளக்கப் போனால், ராமநாதபுரம் பக்கம் எட்டு மணியிலிருந்து பத்து வரை செயற்கைக்கோள் பிடி விட்டு விட்டுப் போகிறது. கருவியை இரண்டு முறை பழுது பார்த்தாகிவிட்டது. இதுவும் நீங்கள் சொல்லும் விவகாரமா?

அலைவரிசை_அண்ணாச்சி

அதேதான். சூரியன் மறைந்ததும் அயனிமண்டலம் மேலே தூக்கப்பட்டு, அதற்குள் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். செயற்கைக்கோள் சமிக்ஞை அதன் வழியாக வந்தால் நட்சத்திரம் மினுக்குவது போல மினுக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அதிகம். கருவியைக் குறை சொல்லாதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகோ, விடியற்காலையிலோ போய்ப் பாருங்கள்.

மூணாவது_மாடி

சட்டம் அடித்துவிட்டேன். 18.2 கணீரென்று வருகிறது. பொழுது விடிவதும் மறைவதும் வரைபடத்தில் தெரிகிறது, மறையும்போது கோடு விழுந்து எழுவது அழகு. எதிர்வீட்டு எல்இடி சீரியல் விளக்கு எரியும் நாட்களில் மட்டும் எல்லாம் நாசம். கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கொக்கிரகுளத்தான்

எல்லோருக்கும் ஒரு செய்தி. நேற்று இரவு 9.40-க்கு மறுபடியும் படி. இந்தத் தடவை 12 நானோடெஸ்லா. காலை 5.30-க்கு நேராகிவிட்டது.

மாடியில் 3 மீட்டரில் 30. புனே அண்ணா சொன்ன எட்டில் ஒரு பங்குக் கணக்கைப் போட்டால் 12-க்கு நாலு மீட்டர் சொச்சம் வருகிறது. டேப்பை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கால்கள் பதிந்த தடம் வேப்பமரத்தடியில் இருந்தது. பானையிலிருந்து 4 மீட்டர் 10. தாத்தாவிடம் கேட்டால், "மாடியில அனல், இங்க காத்து நல்லா வருது" என்கிறார்.

அலைவரிசை_அண்ணாச்சி

கயிற்றுக் கட்டில் வாங்கிக் கொடு தம்பி. சட்டத்தில் ஆணி அடித்திருக்கிறதா, மர ஆப்பா என்று காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கு.